பக்கத்து வீட்டில் இருக்கும் சாவி

உங்கள் வீட்டு மாற்றுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறைய விஷயம் வெளியே வரும். சிலர் ஆபீஸ் மேசை டிராயரில் வைத்திருப்பார்கள். சிலர் பூந்தொட்டிக்கு அடியில், அல்லது செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் (திருடன் முதலில் தேடுகிற இடமும் அதுதான்!). புது ஃப்ளாட்காரர்களுக்குச் சாவியே கிடையாது, எண்ணை அழுத்தினால் கதவு திறந்துவிடும். ஆனால் முப்பது வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் அநேகமாக ஒரே பதில்தான் வந்திருக்கும். "பக்கத்து வீட்டில கொடுத்திருக்கோம்."

ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். சாவியை வாங்கும். சாவியோடு சேர்த்து இரண்டு முறுக்கோ, "அம்மா வர லேட்டாகுமாம், கை கால் கழுவிட்டு வா, சாப்பிடு" என்கிற உத்தரவோ கிடைக்கும். இதை யாரும் உதவி என்று கூடச் சொன்னதில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலம் பொற்காலம், இந்தக் காலம் கலிகாலம் என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப் புலம்பும் மின்னஞ்சல்கள் போதுமான அளவுக்குச் சுற்றி வந்துவிட்டன. உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் பக்கத்து வீடு அவ்வளவு நெருக்கமாக இருந்ததற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை. பற்றாக்குறையும் பெரிய காரணம். வீட்டுக்கு ஒரு போன் வேண்டும் என்றால் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தெருவில் ஒரு வீட்டில் போன் இருக்கும். அந்த எண்ணைத் தெருவே தன் எண்ணாக எழுதிக் கொடுக்கும், பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்தைப் போட்டு. கல்யாணப் பத்திரிகையில் கூட அப்படித்தான் அச்சடிப்பார்கள். போன் வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடி வந்து கூப்பிட வேண்டும். வருகிற செய்தி மரணச் செய்தி என்றால், அதை முதலில் கேட்பதும் அந்த வீட்டுக்காரர்கள்தான். தண்ணீர் எடுத்துக் கொடுத்து, உட்கார வைத்து, மெதுவாகச் சொல்வதும் அவர்கள்தான்.

டி.வி.யும் அப்படியே. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடும்போது டி.வி. இருக்கிற வீட்டின் ஹாலில் தெருப் பிள்ளைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கும். 1987-88இல் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் ஓடியபோது, பாஷை புரியாதவர்கள் கூட அப்படி உட்கார்ந்து பார்த்தார்கள். கேஸ் சிலிண்டர் திடீரென்று தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு இரண்டாவது சிலிண்டர் உருண்டு வரும். லாரித் தண்ணீர் வரும் தெருவில், வேலைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து வரிசையில் ஒரு குடம் வைக்கப்படும். சென்னையில் 2003-04 வறட்சியில் இருந்தவர்களுக்கு அந்தக் கலர் கலர் பிளாஸ்டிக் குட வரிசை மறந்திருக்காது. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையில் அதே வரிசை திரும்பவும் வந்தது. பெரிய அபார்ட்மெண்ட்கள் தனி லாரி வரவழைத்துக்கொண்டன. தெருவில் இருந்தவர்கள் மறுபடியும் ஒருவருக்கொருவர் குடம் வைத்தார்கள்.

ஆக, வசதி வந்தால் பக்கத்து வீடு தள்ளிப் போகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பற்றாக்குறை போன பிறகும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்க வேண்டுமா இல்லையா என்பதுதான் கேள்வி.

அதற்குக் காப்பித்தூள் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காலையில் விருந்தாளி வந்துவிட்டார், தூள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் வாங்கியாகிறது. இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எவ்வளவு? வாங்கியது தலைதட்டி ஒரு டம்ளர் என்றால், திருப்புவது கொஞ்சம் கோபுரமாக இருக்கும். சரியாகத் தலைதட்டித் திருப்பினால் "கணக்குப் பார்க்கிறா" என்று ஒரு பேச்சு வரும். அடுத்த முறை அந்த வீட்டுக்காரர்கள் எதையாவது வாங்கினால் அதுவும் கொஞ்சம் கூடத்தான் திரும்பி வரும். அதே போலத்தான் பாத்திரம். பலகாரம் வந்த எவர்சில்வர் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். ஒன்றும் இல்லை என்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். அது கூட இல்லாவிட்டால் பாத்திரம் அப்படியே தங்கிவிடும், அடுத்த பண்டிகை வரைக்கும். எத்தனை வீட்டு அலமாரியில் யார் வீட்டுப் பாத்திரம் இருக்கிறது என்று தேடினால் தெருவின் முழுச் சரித்திரமும் கிடைக்கும்! பாத்திரங்களில் பெயர் வெட்டி வைக்கும் பழக்கம் சும்மா வரவில்லை.

வணிகவியல் மாணவர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். பற்றும் வரவும் எந்த மாதமும் டேலி ஆகாது. ஆனால் டேலி ஆகாமல் இருப்பதுதான் இதன் சூட்சுமம். நைஜீரியாவின் டிவ் மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் லாரா போஹானன் கண்ட ஒரு விஷயத்தை டேவிட் கிரேபர், கடனின் வரலாறு பற்றி 2011இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எடுத்துச் சொல்கிறார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தவுடன் அக்கம்பக்கத்துப் பெண்கள் முட்டை, காய் என்று ஏதேதோ கொண்டுவந்து கொடுத்தார்கள். எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எவ்வளவு என்பதுதான் குழப்பம். மூன்று முட்டை கொடுத்தவருக்கு மூன்று முட்டைக்குச் சரியான விலையைத் திருப்பக் கூடாதாம். கொஞ்சம் கூடவோ, கொஞ்சம் குறையவோதான் கொடுக்க வேண்டும். சரிசமமாகக் கொடுத்தால் "உன் சங்காத்தமே வேண்டாம்" என்று அர்த்தம். பாக்கி இருக்கிற வரைக்கும்தான் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்கு வர ஒரு காரணம் இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து வளவு வீட்டிலும், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்திலும் இருந்த பெண்களுக்கு இதை யாரும் புத்தகம் போட்டுச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் கணக்கு எழுதத் தெரியாத ஊர் இல்லை இது. கல்யாண மொய்யை ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் எழுதி, பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்துச் செய்கிற ஊர். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, வசூலாகும் பணத்தில் தொழில் தொடங்குவார்கள். அவ்வளவு கறாராக எழுதத் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுக் காப்பித்தூளை மட்டும் எழுதாமல் விட்டார்கள். மறந்துபோய் விட்டது இல்லை அது. எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று தெரிந்து விட்டது.

கணக்குப்பதிவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும். ஒரு தொழிலை இன்னொருவர் விலைக்கு வாங்கும்போது நற்பெயருக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் தொகையைப் புத்தகத்தில் காட்டலாம். ஆனால் ஒரு நிறுவனம் தானே வருடக்கணக்கில் சம்பாதித்த நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டக் கூடாது. இந்தியக் கணக்கீட்டுத் தரம் 26 அதைத் தெளிவாகச் சொல்கிறது. காரணம், அதை நம்பகமாக அளக்க வழியில்லை. இல்லை என்று அர்த்தம் இல்லை, அளக்க முடியாது என்றுதான் அர்த்தம். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் ஒரு தெருவுக்கு இருப்புநிலைக் குறிப்பு தயாரித்தால் அதன் மிகப் பெரிய சொத்து இந்தக் காட்டக் கூடாத வரிசையில்தான் இருக்கும்.

அளந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் சில பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வருவார்கள். டீச்சர் காத்திருக்க வேண்டும். யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிசினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தாமதமாக வந்தால் சின்னதாக ஒரு அபராதம். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்கள் கட்டுரையின்படி, அபராதம் போட்ட காப்பகங்களில் தாமதம் குறையவில்லை, கூடியது! அதுவரை "பாவம், அந்த டீச்சர் காத்திருப்பாங்களே" என்று ஓடி வந்தவர்கள், "காசுதான் கட்டுகிறோமே" என்று ஆற அமர வந்தார்கள். அதைவிட முக்கியம், பிறகு அபராதத்தை நீக்கிய போதும் பழைய நிலைமை திரும்பவில்லை. விலை வைத்ததும் ஓடிப்போன கூச்சம், விலையை எடுத்ததும் வந்துவிடவில்லை.

அபார்ட்மெண்ட் அசோசியேஷன்களில் எதற்கெடுத்தாலும் அபராதம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

சரி, இன்றைக்கு வருவோம். காப்பித்தூள் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு பெல்லை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் என்று ஏதாவது ஒன்றில் தட்டினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதைக் கொண்டுவருகிற பையன் எந்த வெயிலில், எந்த டிராபிக்கில் வருகிறான் என்பது தனிக் கட்டுரை. வாங்குகிறவருக்கு நிஜமாகவே வசதி. யாரிடமும் பல் இளிக்க வேண்டாம், "போன வாரம்தானே வாங்கினாங்க" என்ற பேச்சு வேண்டாம். ரேஷன் கடை வரிசையிலும், பக்கத்து வீட்டு வாசலிலும் நின்று பழகிய ஒரு அம்மாவுக்கு இது விடுதலை என்றால் அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பத்து நிமிடத்தில் வருகிற பொருட்களின் பட்டியலில் சில விஷயங்கள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி. தமிழ்நாட்டில் 2008இலிருந்து 108 இருக்கிறது, கூப்பிட்டால் வண்டி வரும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி வந்ததும் கீழே கேட்டைத் திறக்க ஒரு ஆள் வேண்டும். மூன்றாவது மாடியில் உள்ளே தாழ் போட்டிருக்கும் கதவுக்கு ஒரு வழி வேண்டும். "பெரியவருக்கு சுகர் உண்டு, காலையில இந்த மாத்திரை, இந்த டாக்டர்கிட்டதான் காட்டுறாங்க" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிற பிள்ளைக்குப் போன் போட்டு, பதறாத குரலில் பேச ஒரு ஆள் வேண்டும். இந்த நாலையும் செய்கிறவர் ஒரே ஆளாகத்தான் இருப்பார். எதிர் வீட்டுக்காரர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு அறுபது வயதாகிவிட்டது. இப்போது அதைவிடக் கூடியிருக்கும். தனியாக இருக்கும் பெரியவர் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பால் பையைக் கவனித்திருக்கிறீர்களா? காலை ஒன்பது மணிக்கும் பாக்கெட் எடுக்கப்படாமல் இருந்தால் தாண்டிப் போகிறவர் ஒரு நொடி நிற்பார். கதவைத் தட்டுவார். "ஒண்ணுமில்லை, அசந்து தூங்கிட்டேன்" என்ற பதில்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை வரும். அந்த நூறாவது முறைக்காகத்தான் இத்தனையும். வாசலில் கோலம் போடாத வீட்டைப் பார்த்து "என்ன, உடம்பு சரியில்லையா" என்று கேட்பதும் இதே வேலையைத்தான் செய்தது. கோலம் அழகுக்கு மட்டும் இல்லை, "இன்றைக்கும் எழுந்துவிட்டோம்" என்று தெருவுக்குச் சொல்கிற ஒரு தகவலும் கூட.

இது செண்டிமெண்ட் மாதிரித் தெரியலாம். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஒரு வாரம் அடித்த கடும் வெயிலில் எழுநூறு பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். பலர் தனியாக வாழ்ந்த வயதானவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் அந்தச் சாவுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிடுகிறார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் அதே வெயில். தனியாக இருக்கும் ஏழை முதியவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வடக்கில் சாவு விகிதம் தெற்கைப் போலப் பத்து மடங்கு. தெற்கில் கடைத்தெரு இருந்தது, நடைபாதையில் எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள், முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள். வடக்கில் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடிப்போய், ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போய், வெற்று மனைகளுக்கு நடுவே கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடைத்த கதவுக்குள் வெயில் கொன்றது. வடக்கில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்பதில்லை. அவர்கள் சந்தித்துக்கொள்ள ஒரு இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். நல்ல மனசு மட்டும் போதாது, ஒரு திண்ணையும் வேண்டும் என்று இதற்கு அர்த்தம். தமிழ்நாட்டில் திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

சென்னைக்காரர்களுக்கு சிகாகோ வரை போக வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி போதும். செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு கரை மீறிய அந்த ராத்திரியில் கரண்ட் போனது, செல்போன் டவர்கள் செத்தன, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாததால் 1878இல் தொடங்கிய தி ஹிந்து நாளிதழே மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் என்று தரைத்தளங்கள் முழுகின. தரைத்தளத்துக்காரர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் மாடி ஏறித்தான். அதுவரை லிஃப்டில் கூடச் சிரிக்காத இரண்டாவது மாடிக்காரர் வீட்டு ஹாலில் மூன்று குடும்பங்கள் படுத்தன. இருக்கிற அரிசியைச் சேர்த்துப் போட்டு ஒரே குக்கரில் பொங்கினார்கள். போட்டில் ராணுவமும், மீனவர்களும், எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்களும் பிறகு வந்தார்கள், அவர்கள் செய்ததும் பெரிய காரியம். ஆனால் முதல் சில மணி நேரம், தண்ணீர் படியேறிக்கொண்டிருந்த அந்த இருட்டில், இருந்தது மாடி வீடு மட்டுமே. 1995இல் ஜப்பானின் கோபே பூகம்பத்திலும் இதே கதைதான். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும். அந்த அறையில் இந்நேரத்தில் யார் படுத்திருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

வெள்ளம் வடிந்த பிறகு பழையபடி கதவுகள் மூடிக்கொண்டன என்று சொல்வார்கள். ஓரளவுக்கு நிஜம். ஆனால் அதே கட்டிடங்களில் வாட்ஸப் குரூப்கள் முளைத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்தபோது "எங்க வீட்ல பால் பவுடர் இருக்கு, குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க வந்து வாங்கிக்கங்க" என்கிற மாதிரிச் செய்திகள் ஓடியது அந்தக் குரூப்களில்தான். மற்ற நாட்களில் அதில் 'குட்மார்னிங்' ரோஜாப்பூவும், பார்க்கிங் சண்டையும் மட்டுமே வரும் :) அதற்காக வெளியேறிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு. "பக்கத்து வீட்டுக்காரர் நெருங்கினால் நிம்மதி போய்விடும்." காலேஜிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு வரும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். சாவியை வைத்திருக்கும் அதே எதிர் வீட்டு மாமிதான் "யார் வண்டியில வந்து இறங்கினா" என்று அம்மாவிடம் விசாரிப்பவரும். மார்க் என்ன, சம்பளம் என்ன, கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆச்சே விசேஷம் ஏதும் இல்லையா... இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கவே சிலர் நகரத்துக்கு ஓடி வருகிறார்கள். அவர்களைப் பார்த்து "மனிதத்தன்மை இல்லை" என்பது அநியாயம்.

ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதே சாவி வருகிறது. நியூயார்க்கில் அவர் தெருக்காரர்கள், வெளியூரிலிருந்து வரும் நண்பர்களுக்காக வீட்டுச் சாவியைத் தெருக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரிடம் எப்போதும் ஒரு டஜன் சாவி இருக்கும். ஏன் அவரிடம்? சாவியைப் பத்திரமாக வைத்திருப்பார், ஆனால் யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று கேட்கமாட்டார். நம்பிக்கை வேறு, அந்தரங்கத்துக்குள் நுழைவது வேறு என்று அந்தத் தெரு பிரித்து வைத்திருந்தது. இங்கேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. தெருமுனை அண்ணாச்சி கடையில் கூரியரை வாங்கி வைப்பார்கள், சாவியை வாங்கி வைப்பார்கள், மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார்கள். யார் வீட்டில் எத்தனை நாளாக அரிசி வாங்கவில்லை என்று அண்ணாச்சிக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. நல்ல அக்கம்பக்கம் என்பது நெருக்கம் மட்டும் இல்லை, எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிந்திருப்பதும்தான். அந்த மாமிக்கு இதை யார் சொல்வது என்பது வேறு பிரச்சினை!

இதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அக்கம்பக்கத்து அன்பைப் பற்றி எழுதுவது பாதி உண்மைதான். காப்பித்தூள் எல்லா வீட்டுக்கும் போனதில்லை. எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதை முதலில் ஜாதி முடிவு செய்துவிட்டு, அதற்குள்தான் அன்பு புழங்கியது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்கள் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு நிர்வாகமே வந்து இடிக்க வேண்டியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகாரம் பரிமாறிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நகரத்தில் சுவர் இல்லை, பதிலுக்கு 'சைவம் மட்டும்' என்று ஒரு போர்டு. பெயரைக் கேட்டதும் "வீடு இப்பதான் முடிஞ்சது" என்று மாறும் குரல். பேச்சிலர் என்றால் அதற்கும் ஒரு முகச்சுளிப்பு, அது படிக்கிற பையன்களுக்கெல்லாம் தெரிந்ததே. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்ததே, அவர்களும் யாரோ ஒருவருக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அதே வாரங்களில், வீட்டைவிட்டு வர முடியாத முதியவர்களுக்குக் காய்கறி வாங்கி வாசலில் வைத்துவிட்டு பெல் அடித்துப் போனவர்களும் இருந்தார்கள். பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். யாரை 'நம்ம பக்கத்து வீடு' என்று வரையறுத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அதனால்தான் ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வாங்க, தெருவிலுள்ள எல்லா மதத்துப் பிள்ளைகளும் தூக்கோடு வரிசையில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. தீபாவளிக்கு முறுக்கும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும், பக்ரீத்துக்குப் பிரியாணியும் (சைவக்காரர்களுக்கு மறக்காமல் தனியாகப் பழமும் இனிப்பும்) கதவுக்குக் கதவு போவதும் அப்படித்தான். மேடையில் மத நல்லிணக்கம் பேசுகிறவர்கள் செய்வதைவிட, யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று நினைவு வைத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு அனுப்புகிறவர் செய்வது கூடுதல் வேலை. நினைவு வைத்துக்கொள்ள வேண்டுமே!

இன்றைக்கு இருபது வயதுகளில் இருப்பவர்களுக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. பதினோரு மாத வாடகை ஒப்பந்தம். வேலை மாறினால் ஊர் மாறும், ஊர் மாறினால் வீடு. எதற்குப் பக்கத்து வீட்டோடு பழகி, பிறகு பிரிந்து... என்று தோன்றும். கொடுக்கப் பயமில்லை, கேட்கத்தான் கூச்சம். யாருக்காவது உதவி செய்யச் சொல்லுங்கள், உடனே கிளம்புவார்கள். ரத்தம் வேண்டும் என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து ராயபுரம் போவார்கள். அதே பையன் காய்ச்சலில் மூன்று நாள் அறையில் தனியாகக் கிடப்பான், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்கமாட்டான். "தொந்தரவு பண்ணக் கூடாது" என்பான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு தந்திரத்தைச் சொல்கிறார். சட்டமன்றத்தில் அவருக்கு ஆகாத ஒருவர் இருந்தார். அவரிடம் குழைந்து பேசவில்லை, பரிசு கொடுக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரு அரிய புத்தகத்தைச் சில நாட்களுக்கு இரவல் கேட்டு எழுதினார். அவர் உடனே அனுப்பிவைத்தார். ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு புத்தகம் திரும்பியது. அடுத்த முறை சந்தித்தபோது அந்த மனிதர் தானாக வந்து பேசினார், சாகும்வரை நண்பராக இருந்தார். உதவி வாங்கியவரைவிட, உதவி செய்தவருக்கே நெருக்கம் கூடிவிட்டது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது அவருக்குக் கொடுக்கும் மரியாதையும் கூட. "உங்களிடம் இருக்கிறது, நீங்கள் கொடுப்பீர்கள்" என்று நம்புகிற மரியாதை.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்களுக்கு எல்லோரும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்கிறார்கள். அவர்கள் ஒருநாளும் சொல்லமாட்டார்கள். அவர்களிடம் போய் யாரும் எதுவும் கேட்பதில்லை. கீழ் வீட்டுப் பாட்டி பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறார் என்றால், கடையில் காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மாவே கிடைக்கும் என்று தெரிந்தும், இரண்டு கொத்து கேட்கலாம். அவர் நிதானமாக எழுந்து, கண்ணாடியைத் தேடி, நல்ல கொத்தாகப் பார்த்து ஒடித்துக் கொடுப்பார். அடுத்த வாரம் அவரே மாடிப்படியில் நிறுத்தி, "கறிவேப்பிலை வேணாமா? நிறையத் துளிர்த்திருக்கு" என்பார்.

அதற்குப் பிறகு, ஒருநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் தொங்கினால், கதவைத் தட்டுவதற்கு யோசிக்க வேண்டியிருக்காது.